எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்குவது: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பக்கத்துக் கடற்கரையில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனாலும் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒன்று வந்து இறங்கிவிட்டால், கீழக்கரையில் எழும் சந்தேகமும் மண்டபத்தில் எழும் சந்தேகமும் ஒன்றாகவே இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறோம். எந்த ஆம்ப் இனிமையாகப் பாடும் என்பதற்கு முன்னால், பயாஸ் (ஹெட்போனுக்குள் எப்போதும் நிற்க வேண்டிய உயர் மின்னழுத்தம்) பொருந்துகிறதா, வீட்டு மின்சாரம் பொருந்துகிறதா, உப்புக்காற்றைத் தாங்குமா என்று பாருங்கள். இங்கே பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

"எங்கிட்ட ஏற்கெனவே நல்ல ஹெட்போன் ஆம்ப் இருக்குண்ணே. அதுலயே இதைச் சொருக முடியாதா?"

முடியாது. சாதாரண ஹெட்போனில் ஒரு கம்பிச்சுருளும் காந்தமும் இருக்கும். அதை அசைக்க ஒன்றிரண்டு வோல்ட் போதும். எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் சுருளும் கிடையாது, காந்தமும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் மட்டுமே தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு, துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தகடுகளை ஸ்டேட்டர் என்பார்கள்.

சவ்வில் எப்போதும் ஓர் உயர் மின்னழுத்தம் நிற்க வேண்டும். அதுதான் பயாஸ். பாட்டின் சிக்னல் ஒரு தகடுக்கு நேராகவும் மறு தகடுக்குத் தலைகீழாகவும், நூற்றுக்கணக்கான வோல்ட்டில் போக வேண்டும். இந்த இரண்டையும் தருவதற்கென்றே செய்த ஆம்ப்தான் வேண்டும். சிலர் இதை எனர்ஜைசர் என்பார்கள், இந்த வகை ஹெட்போன் செய்யும் ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி டிரைவர் யூனிட் என்று எழுதும். பொருள் ஒன்றுதான்.

"230, 580னு ரெண்டு நம்பர் போட்டிருக்கே. 230ன்னா நம்ம வீட்டு கரண்ட்டா?"

இல்லை. இந்தக் குழப்பம் ஆபத்தானது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்). ஸ்டாக்ஸின் பழைய ஹெட்போன்களுக்கான 'நார்மல்' பயாஸ் 230 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்). எண் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவே. ஹெட்போன் சாக்கெட்டுக்கு மேலே எழுதியிருக்கும் எண் பயாஸ். ஆம்ப்பின் முதுகில், மின்கம்பி நுழையும் இடத்தில் எழுதியிருக்கும் எண்தான் சுவரிலிருந்து வர வேண்டிய மின்சாரம்.

ஸ்டாக்ஸ் தன் முதல் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனான எஸ்ஆர்-1ஐ 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களில் சவ்வுக்கும் தகடுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டி, பயாஸை 580 வோல்ட்டுக்கு உயர்த்தியது. அது 'புரோ' பயாஸ். இன்று புதிதாக வாங்குகிற எந்த ஸ்டாக்ஸும் புரோதான்.

"பிளக்குல அஞ்சு பின் இருக்கு, சாக்கெட்ல ஆறு ஓட்டை இருக்கு. சொருகினா போகுது. சொருகலாமா?"

ஐந்து பின் என்றால் புரோ ஹெட்போன், ஆறு ஓட்டை என்றால் நார்மல் சாக்கெட். சொருகினால் கெட்டுப்போகாது. சத்தம்தான் குறையும். 580 வேண்டிய இடத்தில் 230தான் கிடைப்பதால் ஏறத்தாழ 8 டெசிபெல் இறங்கும், பாட்டும் உயிரில்லாமல் கேட்கும். சோதித்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். மறுபக்கம், ஆறு பின் ஹெட்போன் ஐந்து ஓட்டை சாக்கெட்டில் நுழையாது. பின்னை வெட்டி நுழைக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பழைய ஹெட்போனில் இடைவெளி குறைவு, 580 வோல்ட்டில் சவ்வுக்கும் தகடுக்கும் நடுவே பொறி பறக்கலாம். ஒரு முறை துளை விழுந்த சவ்வை ஒட்ட முடியாது.

மற்ற கம்பெனிகளில் ஆடெஸியின் கார்பன், டான் கிளார்க்கின் கொரினா போன்றவை 580 வோல்ட்டும் ஸ்டாக்ஸ் புரோ பிளக்கும் கொண்டவை. காஸ் இஎஸ்பி950க்கு 600 வோல்ட் பயாஸ், பிளக் வேறு. தரமான அடாப்டர் கேபிள் இருந்தால் 580இல் தாராளமாக ஓடும், வித்தியாசம் கால் டெசிபெல் சொச்சம். சென்ஹைசரின் எலக்ட்ரோஸ்டாட்டிக்குகளுக்குப் பயாஸ் வேறு, அவற்றை அவற்றின் ஆம்ப்போடு மட்டும் வையுங்கள். முதல் முறை வாங்குபவருக்கு இதில் ஒரு யோசனை: காஸ் ஆம்ப்போடு சேர்ந்தே வருகிறது, பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை.

"தலையில 580 வோல்ட்டை மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களே, ஷாக் அடிக்காதா?"

பயாஸ் பெரிய ரெசிஸ்டர் வழியாகத்தான் வெளியே வருகிறது. பல ஆம்ப்களில் அது 4.7 மெகாஓம் அளவு. நேராக ஷார்ட் ஆனாலும் 0.12 மில்லிஆம்பியர்தான் ஓடும். நல்ல நிலையில் உள்ள ஹெட்போனில் பயமில்லை.

ஸ்டேட்டருக்குப் போகும் சிக்னல் அப்படியல்ல. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட்டோடு பல மில்லிஆம்பியர் தரும் வலுவும் இருக்கிறது. கேபிளின் மேலுறை வெடித்திருந்தால் பயன்படுத்த வேண்டாம். ஈரத்தலையோடு மாட்ட வேண்டாம். ஆம்ப்பை அணைத்த பிறகே பிளக்கைச் சொருகவும் பிடுங்கவும் செய்யுங்கள். ஆம்ப்பின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே 350, 400 வோல்ட் ஓடும் மின்தடங்கள் இருக்கும். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களில் அது தங்கி நிற்கும்.

"எத்தனை வாட் ஆம்ப் வாங்கணும்?"

வாட் கணக்கு இதற்கு உதவாது. வோல்ட் கணக்குப் பாருங்கள். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-எல்300 ஹெட்போனுக்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபெல் சத்தம் வரும். சராசரியாக 85 டெசிபெல்லில் கேட்பதே நல்ல சத்தம். அதற்கு 16 வோல்ட் போதும். தவில் அடி போன்ற திடீர் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே எழும்பினால், அந்தக் கணத்துக்கு மட்டும் 160 வோல்ட் வேண்டும்.

ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-252எஸ் என்ற சிறிய ஆம்ப் 280 வோல்ட் வரை தரும், அதாவது 110 டெசிபெல். அதைவிடப் பெரிய எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400 வோல்ட் தரும், அது 113 டெசிபெல். விலையில் வித்தியாசம் இருந்தாலும் உச்சச் சத்தத்தில் வித்தியாசம் 3 டெசிபெல்தான். சினிமாப் பாட்டு கேட்பவருக்குச் சிறிய ஆம்ப்பே தாராளம். அமுக்கிப் பதிவு செய்த பாடல்களில் 20 டெசிபெல் உச்சமெல்லாம் வருவதில்லை.

"அப்போ சின்ன ஆம்ப்பே போதுமே. எதுக்குப் பெரிய ஆம்ப் விக்கிறாங்க?"

மேலே சொன்னது வோல்ட்டின் கதை. ஆம்பியரின் கதை வேறு. ஆம்ப்பின் கண்ணுக்கு இந்த ஹெட்போன் ஒரு கெப்பாசிட்டர்தான். எல்300இன் மின்தேக்கும் அளவு கேபிளோடு சேர்த்து 110 பிகோஃபாரட். 1 கிலோஹெர்ட்ஸில் இதன் தடை ஏறத்தாழ 14.5 லட்சம் ஓம். 10 கிலோஹெர்ட்ஸில் 1,45,000 ஓம். 20இல் 72,000. சுருதி ஏற ஏற தடை இறங்கும், ஆம்ப் அதற்கேற்ப அதிகக் கரண்ட் தள்ள வேண்டும். 280 வோல்ட்டை 10 கிலோஹெர்ட்ஸில் கொடுக்க 1.9 மில்லிஆம்பியர், 400 வோல்ட்டை 20இல் கொடுக்க 5.5 மில்லிஆம்பியர். எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இதைத் தயாராக வைத்திருக்க வேண்டுமானால் வெளியீட்டுப் பகுதி எந்நேரமும் சூடாகவே இருக்க வேண்டும். ஆம்ப் பெரிதாவதும் அதனால்தான்.

காதால் சோதிக்க ஒரு வழி: ஜால்ராவும் கஞ்சிராவும் தெளிவாகப் பதிவான ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான சத்தத்தில் ஜால்ராவின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, 'கிண்' என்று ஆரம்பித்துத் தேய்ந்து மறையும். சத்தத்தைக் கூட்டியதும் அந்தத் தேய்வு மறைந்து வெறும் 'சர்' என்ற உரசலாக மாறினால், ஆம்ப் கரண்ட்டுக்குத் திணறுகிறது. நீங்கள் கேட்கும் சத்தத்தில் அப்படி ஆகவில்லையென்றால் பெரிய ஆம்ப் தேவையில்லை. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்-007 போன்ற ஹெட்போன்கள் வலுவான ஆம்ப்பைக் கேட்கும். நான்கு இஎல்34 வால்வு வைத்த புளூ ஹவாய் மாதிரி ஆம்ப்கள் அப்படிப்பட்டவர்களுக்கானவை.

"வால்வு ஆம்ப்தான் நல்லாயிருக்கும்ங்கிறாங்க. வாங்கலாமா?"

நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடலுக்குப் பக்கத்து வீட்டுக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்பையே சொல்வோம். வால்வின் பின்னும் சாக்கெட்டும் வெறும் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை. உப்புக்காற்றில் பச்சை பூத்ததும் கரகரவென்று சத்தம் வரும், ஒரு சேனல் போய்ப்போய் வரும். வால்வுதான் வேண்டும் என்றால் 6எஃப்க்யூ7 போன்று எளிதில் கிடைக்கும் வால்வு உள்ள ஆம்ப்பாகப் பாருங்கள். மாற்று ஜோடி ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

"மச்சான் ஜப்பான்ல இருந்து கொண்டு வர்றாரு. அப்படியே சொருகிடலாம்ல?"

தயவுசெய்து சொருகாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்கும் ஆம்ப்பை இங்கே 230இல் சொருகினால், ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்தே போகும். ஜப்பான் பிளக்கின் இரண்டு தட்டைக் கால்களும் நம்மூர் எல்லாப் பின்னும் நுழைகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எளிதாக இறங்கிவிடும். தடுக்க எதுவும் இல்லை. வந்து இறங்கிய அன்றே பிளக்கில் '100 வோல்ட் மட்டும்' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள்.

தேவை 230க்கு 100 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கடையில் ரெடியாகக் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சாமான்களுக்கான 110 வோல்ட். அதை வாங்கி வைத்தால், லைன் 250க்கு ஏறுகிற ராத்திரியில் வெளியே 120 வரும். உள்ளே 400 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 480 நிற்கும். 450 வோல்ட் கெப்பாசிட்டர் எத்தனை நாள் தாங்கும்? மதுரைப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் செய்பவர்களிடம் '230க்கு 100, 150 விஏ, இரண்டு தனிச் சுருள்' என்று சொல்லிச் செய்து வாங்குங்கள். தனிச் சுருள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஒரே சுருளில் செய்யும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் பொதுக் கம்பி அறுந்தால் 230 முழுதும் ஆம்ப்புக்குள் போய்விடும். ஆம்ப்பை மாட்டுமுன் வெறும் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை மீட்டரில் பாருங்கள். லோடு இல்லாமல் 105 வரை காட்டினால் சரி.

துபாய், கத்தார், சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கெல்லாம் நம்மைப் போலவே 230ஐ ஒட்டித்தான். சவுதியில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது, எனவே முதுகுத் தகட்டைப் பார்க்காமல் நம்பாதீர்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தகட்டில் 60 மட்டும் போட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் ஓடுவதால் ஜப்பான் ஆம்ப்களில் அந்தக் கவலை கிடையாது. பழைய சில மாடல்களில் உள்ளே கம்பி மாற்றி 230க்குக் கொண்டுவரலாம். ஆனால் எந்த மாடலில் முடியும் என்று உறுதியாகத் தெரிந்த டெக்னீஷியன் மட்டுமே கைவைக்க வேண்டிய வேலை அது.

"அடாப்டர்ல ஓடுற சின்ன ஆம்ப்னா இந்தத் தொல்லையே இல்லதானே?"

ஆமாம், 252எஸ் 12 வோல்ட் டிசி அடாப்டரில் ஓடுகிறது. ஜப்பான் அடாப்டரைத் தூக்கி வைத்துவிட்டு 230இல் ஓடும் 12 வோல்ட் அடாப்டர் வாங்கினால் முடிந்தது. பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற படம் பழைய அடாப்டரிலும் புதியதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முதல் ஆம்ப்பாக இதைச் சொல்வோம்.

படகு பேட்டரியிலோ இன்வெர்ட்டர் பேட்டரியிலோ நேராக இணைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனையில் 14.4 வரை வரும். நடுவே 12 வோல்ட் ரெகுலேட்டர் இல்லாமல் வேண்டாம்.

"கரண்ட் போயிட்டு போயிட்டு வருது. இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா?"

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகும், சூடாகும், பாட்டிலும் இரைச்சல் ஏறும். லோ வோல்டேஜ் நேரத்தில் ஆம்ப் ஓடினால் பெரிய சேதம் இல்லை. ரெகுலேட்டர் இல்லாத ஆம்ப்பில் லைன் 10 சதவீதம் இறங்கினால் பயாஸும் 10 சதவீதம் இறங்கும், சத்தம் ஒரு டெசிபெல் குறையும். கெடுதல் செய்வது கரண்ட் திரும்பி வரும் நொடியில் எகிறும் வோல்ட்தான். கரண்ட் போனதும் சுவிட்சை அணையுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

"வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே கத்துது. ஆம்ப் கோளாறா?"

கோளாறு இல்லை. 252எஸ் சிக்னலை 800 மடங்கு பெருக்குகிறது, 353எக்ஸ் 1,000 மடங்கு. 0.35 வோல்ட் உள்ளே போனாலே 252எஸ் தன் 280 வோல்ட் உச்சத்தைத் தொட்டுவிடும். மேசை மேல் வைக்கும் டாக் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) ஒன்று தருவதோ 2 வோல்ட். ஆகவே குமிழின் முதல் கால்பகுதியிலேயே எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கீழ்ப்பகுதியில் பல வால்யூம் குமிழ்களில் இடமும் வலமும் சமமாக இருக்காது. கம்ப்யூட்டரிலோ டாக்கிலோ 10 டெசிபெல் குறைத்து வையுங்கள், குமிழ் நடுப்பகுதிக்கு வந்துவிடும்.

இதிலிருந்தே இன்னொரு சந்தேகமும் தீரும்: போனில் மாட்டும் சிறிய டாங்கிளின் வெளியீடே இந்த ஆம்ப்களுக்குப் போதுமானது. ஆரம்பத்திலேயே விலையுயர்ந்த டாக் வாங்கத் தேவையில்லை.

"ஸ்பீக்கர் ஆம்ப் ஒண்ணு சும்மா கிடக்கு. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வாங்கி அதுலயே ஓட்டலாமா?"

ஸ்டாக்ஸின் எஸ்ஆர்டி-7 போன்ற பெட்டிகள் ஸ்பீக்கர் ஆம்ப்பின் வெளியீட்டை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரால் வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பவை. நல்ல பழைய ஆம்ப்போடு அருமையாக ஒலிக்கும். பெட்டி நார்மலா புரோவா என்பதை மூன்றாம் கேள்வியின் பதிலை வைத்துப் பாருங்கள். பயாஸுக்கென்று தனி மின்கம்பி இருந்தால் அது எத்தனை வோல்ட்டுக்கு என்றும் பாருங்கள்.

ஆனால் இப்போது மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்-டி ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் உயிருள்ள முனைதான். பெட்டிக்குள் இரு பக்க மைனஸும் ஒன்றாக இணைந்திருந்தால் ஆம்ப் அந்தக் கணமே போய்விடும். ஆம்ப்பின் இரண்டு மைனஸ் முனைகளும் கிரவுண்டோடு சேர்ந்தவை என்று தெரியாமல் இணைக்காதீர்கள்.

"கடல்ல இருந்து அரைக் கிலோமீட்டர்தான் வீடு. உப்புக்காத்துல தாங்குமா?"

பார்த்துக்கொண்டால் தாங்கும். காற்றிலுள்ள உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். திறந்து வைத்த கல்லுப்பு ஜாடி ராத்திரியில் நீர்த்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணுக்குத் தெரியாத அதே உப்பு ஸ்டேட்டரின் ஓரத்திலும், பிளக்கின் பின்களுக்கு நடுவிலும், ஆம்ப்பின் போர்டிலும் படிந்திருக்கிறது. பகலில் அது வெறும் தூசி. ராத்திரியில் அது மின்சாரம் கடத்தும் உப்புநீர். மற்ற சாமான்களில் 5 வோல்ட், 12 வோல்ட் ஓடுவதால் உடனே தெரியாது. இங்கே 580 வோல்ட் கசிய வழி தேடிக்கொண்டிருக்கிறது.

ஹெட்போனுக்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 250 கிராம் சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி வேண்டும். பெட்டிக்குள் 40 முதல் 55 சதவீதம் நிற்கட்டும். கேட்டு முடித்ததும் வியர்வை ஆறும்வரை இருபது நிமிடம் ஃபேன் அடியில் வைத்து, பிறகு பெட்டிக்குள் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் குறைந்த சூட்டில் வறுத்தால் திரும்பவும் வேலை செய்யும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போடாதீர்கள். அரிசித் தூள் சவ்வில் ஒட்டும்.

ஆம்ப்பை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், ஆடிக்காற்று நேராக அதற்குள்தான் உப்பைக் கொண்டுவந்து கொட்டும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், அதன் சூடே ஈரத்தை விரட்டும். அணைத்து ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். சூடாக இருக்கும்போது மூடக் கூடாது. ஏசி அறையில் குளிர்ந்திருந்த ஹெட்போனையோ ஆம்ப்பையோ வெளியே எடுத்ததும் மேலே நீர் பூக்கும், ஒரு மணி நேரம் கழித்தே கரண்ட் கொடுங்கள்.

"ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சிருச்சு. ஆம்ப்பா, ஹெட்போனா?"

முதலில் ஆம்ப்புக்கு வரும் இட, வலக் கேபிள்களை மாற்றிச் சொருகுங்கள். மெலிந்த பக்கம் மாறினால் கோளாறு டாக்கிலோ கேபிளிலோ இருக்கிறது. மாறவில்லையென்றால் ஆம்ப்பின் ஒரு சேனலோ ஹெட்போனோ. இரண்டு காதுக்கும் பயாஸ் ஒரே இடத்திலிருந்து போவதால், ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் பயாஸ் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மெலிந்தால்தான் அதைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மெலிந்தாலும் இரண்டு பக்கமும் மெலிந்தாலும், நம் ஊரில் காரணம் பெரும்பாலும் ஈரக்கசிவுதான். முன்பு சொன்ன 4.7 மெகாஓம் ரெசிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் வழியாக 50 மெகாஓம் அளவுக்குக் கசிவு இருந்தால் பயாஸ் 530க்கு இறங்கும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. கசிவு 5 மெகாஓம் ஆகிவிட்டால் பயாஸ் பாதி, இரண்டு பக்கமும் சத்தம் 6 டெசிபெல் குறையும். ஹெட்போனை மேலே சொன்ன பெட்டியில் இரண்டு நாள் உலர வையுங்கள். பிறகு ஆம்ப்பில் மாட்டி, பாட்டு இல்லாமல், இரண்டு மூன்று மணி நேரம் பயாஸில் விடுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பிளக்கின் பின்களுக்கு நடுவே உள்ள பரப்பை, ஆம்ப்பிலிருந்து பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். எண்ணெய் ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம். ஹெட்போனின் உள்ளே புளோயர் காட்டவும் வேண்டாம், சவ்வு கிழிந்துவிடும்.

"பயாஸ் வருதான்னு மீட்டர் வச்சுப் பார்த்தேன். 390 சொச்சம்தான் காட்டுது. ஆம்ப் போச்சா?"

போகவில்லை. மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். 4.7 மெகாஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து அது வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. 580இல் 10க்கு 14.7 என்ற பங்கு, அதாவது 395. நீங்கள் பார்த்தது சரியான ஆம்ப்பின் எண். அதே மீட்டரில் 200, 250 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் நான்காம் கேள்வியின் பதிலைத் திரும்பப் படியுங்கள். பயாஸ் ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஸ்டேட்டர் ஓட்டைகள் இருக்கின்றன. 1,000 வோல்ட் தாங்கும் மீட்டரும் புரோபும் இல்லாமல், பழக்கமும் இல்லாமல், இதைச் செய்யாதீர்கள்.

"காதோட சேர்த்து அமுக்கினா படபடன்னு ஒரு சத்தம் வருதே?"

காதை இறுக்கி மூடும் பேட் உள்ள ஹெட்போன்களில் இது இயல்பு. காற்றழுத்தம் சவ்வை ஒரு நொடி தகட்டோடு ஒட்டவைத்து விடுகிறது. விட்டதும் திரும்பிவிடும். அமுக்காதபோதும் வந்தால் ஈரமோ முடியோ உள்ளே இருக்கிறது.

"வயர் நீளம் பத்தல. கடையில மைக் வயர் வாங்கி ஒட்டிக்கலாமா?"

வேண்டாம். மைக் வயரில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவு இருக்கும். மூன்று மீட்டர் ஒட்டினால் ஹெட்போனின் 110, 410 ஆகிவிடும். ஆம்ப் கிட்டத்தட்ட நான்கு மடங்கு கரண்ட் தள்ள வேண்டும். ஜால்ரா சோதனையில் முதலில் தோற்பது இதுதான். அந்த வயரின் உறை 600 வோல்ட்டுக்குச் செய்ததும் அல்ல. இந்த வேலைக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கேபிள் வாங்குங்கள். இல்லையென்றால் நாற்காலியை ஆம்ப்புக்குப் பக்கத்தில் போடுங்கள்.

"யூஸ்டு ஆம்ப் ஒண்ணு வருது. நேர்ல போய் என்ன பார்க்கணும்?"

போகும் முன்பே முதுகுத் தகட்டின் போட்டோவைக் கேளுங்கள்: மின்சார வோல்ட், சாக்கெட்டின் பின் எண்ணிக்கை, எத்தனை வோல்ட் பயாஸ் என்று எழுதியிருக்கிறது. போனதும் மூடியின் திருகாணிகளைப் பாருங்கள். துரு ஏறிய திருகாணி, இந்தக் கடற்கரையிலேயே இருந்த ஆம்ப் என்பதைச் சொல்லும். உள்ளே போர்டும் அப்படித்தான் இருக்கும். திருகாணியின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகே கேட்க ஆரம்பியுங்கள். பாட்டு இல்லாமல் குமிழைப் பாதி வரை திருப்புங்கள். 'ம்ம்ம்' என்று கேட்டால், சிக்னல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது லேப்டாப் சார்ஜரும் எர்த்தும் சேர்ந்து செய்யும் கோளாறு, ஆம்ப்பில் குறையில்லை. பிடுங்கியும் நிற்கவில்லையென்றால் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கின்றன, மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

உங்களோடு ஒரு டெக்னீஷியன் வந்தால், ஒவ்வொரு சேனலின் பிளஸ், மைனஸ் ஸ்டேட்டர் முனைகளுக்கு நடுவே நிற்கும் டிசியை அளக்கச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50, 60 என்று நின்றால் சவ்வு ஒரு தகட்டின் பக்கமாகவே இழுபட்டுக்கொண்டிருக்கும், அந்தப் பக்கக் காதில் தம்பூராவின் கீழ்ச் சுருதி நெரிந்து கேட்கும். உள்ளே இருக்கும் சிறு திருகுகளை வைத்துச் சரிசெய்யக்கூடிய குறைதான் அது. விற்பவர் அதைச் சரிசெய்து, ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் எண் நகராமல் நின்றால் வாங்கலாம். நகர்ந்துகொண்டே இருந்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டரோ வால்வோ தளர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.